நாட்குறிப்பு எழுதாத துபாஷி: நன்னம்பிக்கை முனையின் ஆதிக் குடியேற்றப் பெண்களும் சரித்திர நாவலும்

வினா எழும் இடம்

ஆப்பிரிக்காவின் தென்கோடியில், மேசை மலையின் அடிவாரத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய மண்கோட்டைக்குச் சற்று வெளியே இருந்த ஒரு குடிசையில், 1650களின் கடைசியில் ஒரு நாள், பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தான் அணிந்திருந்த ஐரோப்பிய உடையைக் களைந்து, தோலாடையை உடுத்திக்கொண்டு, களைந்த துணிகளைக் கோட்டைத் தலைவரின் மனைவியிடம் திருப்பி அனுப்பிவிட்டுத் தன் இனத்தார் இருக்கும் திசை நோக்கிப் புறப்பட்டாள். திரும்பி வந்ததும் அந்த உடையை மறுபடியும் உடுத்திக்கொள்வதாகவும், அந்த வீட்டில் தான் அறிந்துகொண்ட தேவனை அதுவரையில் மறக்கமாட்டேனென்றும் அவள் சொன்னதாகக் கோட்டையின் தினசரி ஏடு தெரிவிக்கிறது. 'சொன்னதாக' என்ற இந்த ஒரு சொல்லில்தான் இக்கட்டுரை ஆராய விரும்பும் வினா முழுவதும் அடங்கியிருக்கிறது. அவள் எந்த மொழியில், யாரிடம் சொன்னாள்? எந்தப் பகுதியை எழுதியவர் விட்டார், எதைச் சேர்த்தார்? முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அவளைப் பாத்திரமாக்கி நாவல் எழுதும் ஒருவர், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை தரவேண்டும், எவ்வளவு சந்தேகம் கொள்ளவேண்டும்?

அந்தப் பெண்ணின் பெயர் குரோட்டோவா. ஒல்லாந்தர் இட்ட பெயர் ஏவா. கடற்கரையை அண்டி வாழ்ந்த கோரிங்ஹைகோனா என்னும் சிறு கோய்கோய்க் கூட்டத்தில் பிறந்து, பத்துப் பதினோரு வயதிலேயே கோட்டைத் தலைவர் யான் ஃபான் ரீபேக்கின் வீட்டில் அவர் மனைவி மரியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, டச்சையும் போர்ச்சுகீசையும் கற்று, இரு தரப்புக்கும் நடுவே நின்று பேசியவள். நம் கடற்கரையில் இந்த வேலைக்குத் 'துபாஷி' என்ற அழகிய சொல் உண்டு. ஆயினும் நம்முடைய துபாஷிகளில் கீர்த்தி பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தம் கையாலே தினசரிக் குறிப்பு எழுதி வைத்தார். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் நாவல்களைப் புனைந்தபோது, அந்தத் துபாஷியின் சொந்தக் குரலே அவருக்கு ஆதாரமாகக் கிடைத்தது. குரோட்டோவா ஒரு வரிகூட எழுதியவளல்லள். அவள் பேசிய பேச்செல்லாம் பிறர் எழுதிய எழுத்தாகவே நமக்கு வந்திருக்கிறது. நாட்குறிப்பு எழுதிய துபாஷியைப் பற்றி நாவல் எழுதுவதும், நாட்குறிப்புக்குள் எழுதப்பட்ட துபாஷியைப் பற்றி நாவல் எழுதுவதும் ஒரே காரியமாகா. இந்த வேற்றுமையை உணர்ந்தவர்கள் யார், உணராதவர்கள் யார் என்று பார்ப்பதே என் நோக்கம்.

கோட்டையும் அதன் ஏடுகளும்

ஃபான் ரீபேக், கேப் எனப்படும் நன்னம்பிக்கை முனையின் கரையில் வந்திறங்கியது 1652 ஏப்ரல் 6ஆம் தேதி. தேசம் பிடிப்பது அன்று அவரை அனுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கருத்தாக இருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து பட்டேவியாவுக்கும், அங்கிருந்து திரும்பவும் செல்லும் கப்பல்களுக்கு மலையிலிருந்து இறங்கும் நன்னீரும், தோட்டத்துக் காய்கறியும், கோய்கோய் மக்களிடம் செம்புக்கும் புகையிலைக்கும் மாற்றாகப் பெறும் ஆடுமாடுகளும் கிடைக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. ஆடுமாடு வேண்டுமானால் பேச்சு வேண்டும். பேச்சுக்கு மொழிபெயர்ப்பவர் வேண்டும். ஆகவே ஒரு சிறுமியின் நாக்கு அந்தக் குடியேற்றத்தின் ஜீவாதாரங்களில் ஒன்றாயிற்று.

கோட்டையில் நாள்தோறும் எழுதப்பட்ட ஏடு, ஒருவர் தம் அந்தரங்கத்துக்காக எழுதிய நாட்குறிப்பன்று. 'பதினேழு பிரபுக்கள்' என்று அழைக்கப்பட்ட கம்பெனியின் மேலதிகார சபை வாசிப்பதற்காகக் குமாஸ்தாக்களின் கையெழுத்தில் சித்தமான காரியாலய அறிக்கை அது. இதை மறந்துவிட்டு அதை வாசிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏவா புத்திசாலி, நம்பத் தகுந்தவள், நம் பக்கத்தவள் என்று அந்த ஏடு புகழும்போது, அவளை வளர்த்து ஆளாக்கிய கோட்டைத் தலைவரின் சாமர்த்தியமும் உடன் புகழப்படுகிறது. அவள் சொன்ன தகவல் பொய்த்துப்போனபோது, பிழை அவள் தலையில் ஏற்றப்படுகிறது. புகழ்ச்சியும் நிந்தையும் ஒரே மேஜையில், ஒரே தேவையை முன்னிட்டு எழுதப்பட்டவை.

இந்த ஏடு தன்னையறியாமலே சொல்லிவிடும் விஷயங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்துக் காட்டாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1658 மார்ச்சு மாதத்தில் 'ஆமர்ஸ்ஃபோர்ட்' என்னும் கப்பல், போர்ச்சுகீசியரிடமிருந்து நடுக்கடலில் பறித்த அங்கோலா நாட்டு அடிமைகளில் உயிர் தப்பிய 170க்கு மேற்பட்டவர்களைக் கேப் கரையில் இறக்கிற்று. அவர்களில் பெரும்பாலோர் சிறுவர், சிறுமியர். அடுத்த மாதமே அவர்களுக்கென ஒரு பள்ளி ஏற்படுத்தப்பட்டது. டச்சு மொழியையும் கிறிஸ்தவ ஜெபத்தையும் அவர்கள் ஊக்கத்துடன் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதற்காக, பாடம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் பிராந்தியும் இரண்டு அங்குலப் புகையிலையும் கொடுக்க உத்தரவாயிற்று. ஏடு இதை ஒரு நல்ல நிர்வாக ஏற்பாடாகவே, எவ்விதக் கூச்சமுமின்றிப் பதிவு செய்திருக்கிறது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கோட்டையின் ஏடு, குரோட்டோவா இறந்த தினத்தில், அவளைக் குடிகாரி என்று வைது எழுதப் போகிறது. குழந்தைகளின் ஜெபத்துக்குச் சம்பளமாகப் பிராந்தி அளந்த கைக்கும், அவளைக் குடிகாரி என்று எழுதிய கைக்கும் இடையே உள்ள உறவை ஏடு சொல்லாது. அதைச் சொல்லவேண்டியவன் நாவலாசிரியன் என்றே நான் கருதுகிறேன்.

சரித்திராசிரியர் கண்ட குரோட்டோவா

நிச்சயமாகத் தெரிந்தவற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். அவள் ஏறக்குறைய 1643இல் பிறந்தவள். ஒல்லாந்தரிடம் 'ஹாரி' என்று பெயர் பெற்றிருந்த ஆவுட்ஷுமாவோ அவளுக்கு உறவின்முறையில் பெரியவர், அவரும் துபாஷியே, 1658இல் ராபன் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, மறு ஆண்டில் ஒரு படகில் ஏறித் தப்பியவர். அவளுடைய சகோதரி கொச்சோக்வா இனத்தின் தலைவன் உடசோவாவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். 1659இல் கோய்கோய் மக்களுக்கும் ஒல்லாந்தருக்கும் மூண்ட போர் 1660இல் சமாதானத்தில் முடிந்தபோது, பேச்சுவார்த்தையில் அவள் நின்றாள். டோமான் என்ற மற்றொரு துபாஷி, அவள் ஒல்லாந்தருக்காக வழக்காடுகிறவள் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினான். இரு தரப்புக்கும் பாலமாக இருப்பவரை இரு தரப்பும் மிதித்துச் செல்லும் என்பது அவளுக்கு இருபது வயதாகும் முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

1662 மே மாதத் தொடக்கத்தில், ஃபான் ரீபேக் கேப்பை விட்டுப் புறப்படும் தறுவாயில், அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. 1664இல் டென்மார்க் தேசத்தவனான பீட்டர் ஃபான் மேர்ஹோஃப் என்ற ரணவைத்தியனைக் கிறிஸ்தவ முறைப்படி மணந்தாள். விருந்து கோட்டைத் தலைவர் இல்லத்திலேயே நடந்தது. அடுத்த ஆண்டு கணவனுக்கு ராபன் தீவில் மேற்பார்வை உத்தியோகமாயிற்று. ஆடு மேய்ப்பதும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் பொறுக்குவதும், கல் உடைப்பதும் அன்றி வேறு ஜீவனமில்லாத அந்தத் தீவில், மூன்று குழந்தைகளோடு அவள் இருந்தாள். கணவன் மடகாஸ்கர் பக்கம் கம்பெனி அனுப்பிய பயணத்தில் கொல்லப்பட்டான். கைம்பெண்ணாக 1668இல் கரைக்குத் திரும்பினாள். அடுத்த ஆண்டு, குடித்துவிட்டுக் கோட்டைத் தலைவரின் விருந்து மேஜையில் முறைதவறிப் பேசினாள் என்று சிறைப்பட்டு, குழந்தைகளைப் பிறர் வீட்டில் விட்டு, அதே தீவுக்கு நாடுகடத்தப்பட்டாள். இடையிடையே விடுதலையும் மீண்டும் நாடுகடத்தலுமாகக் காலம் கழிந்து, 1674 ஜூலை 29ஆம் தேதி இறந்தாள். ஏடு அவளைப் பிராணியோடு ஒப்பிட்டு இழித்தெழுதிற்று. ஆயினும் மறுநாள், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கல்கோட்டையின் தேவாலயத்துக்குள்ளேயே, கிறிஸ்தவ மரியாதைப்படி அவளை அடக்கம் செய்தார்கள். வசையும் மரியாதையும் ஒரே சவத்துக்கு ஒரே நேரத்தில் செய்யப்பட்ட இந்த முரண்பாடு, எந்த நாவலாசிரியனாலும் கற்பிக்க இயலாத அளவுக்குக் கொடுமையாக இருக்கிறது.

இந்தச் செய்திகளுக்கு அர்த்தம் காண்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமுகமாக இல்லை. 1990இல் மால்ஹெர்ப் அவளை 'இடைப்பட்ட பெண்' என்று வருணித்து, இரு உலகங்களுக்கும் நடுவே சிக்கியவளாகக் கண்டார். 1998இல் ஜூலியா வெல்ஸ், அவளைச் சூழ்ந்திருந்த ஆண்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, ஃபான் ரீபேக்குக்கும் அவளுக்கும் இருந்த நெருக்கம் எத்தகையது என்ற கேள்வியையும் எழுப்பி, அவள் தன் சூழ்நிலையைத் தானே பயன்படுத்திக்கொண்ட சாதுரியத்தையும் சுட்டினார். கார்லி குட்சியா அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில் வேறொன்றைக் கவனித்தார்: இனவெறி ஆட்சி ஒழிந்த காலத்தில், ஆஃப்ரிக்கான்ஸ் பேசும் வெள்ளையர் சிலர் குரோட்டோவாவைத் 'தங்கள் தாய்' என்று ஏற்றுக் கொண்டாடத் தொடங்கினார்கள், அந்தக் கொண்டாட்டம், பாவமன்னிப்பை மலிவாகப் பெறும் வழியாகிவிடாதா என்பது அவர் ஐயம். பமேலா ஸ்கல்லி இன்னும் அகன்ற நோக்கோடு, மெக்ஸிகோவின் மலின்ட்சின், வர்ஜீனியாவின் போகஹாண்டஸ், கேப்பின் குரோட்டோவா ஆகிய மூவர் கதையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வருவதை விளக்கினார். வந்தவனை நேசித்து, வழிகாட்டி, முடிவில் அழியும் சுதேசிப் பெண் என்ற அந்த அச்சு, குடியேற்றக்காரனுக்கு மிகவும் ஆறுதல் தருவது. மண் தன்னைத் தானே தந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்ளலாம்.

இந்நால்வரில் குட்சியாவின் ஐயமும் ஸ்கல்லியின் எச்சரிக்கையுமே நாவல்களை மதிப்பிடுவதற்கு எனக்குப் பெரிதும் துணையாயின. 'இடைப்பட்டவள்' என்ற சொல் இரக்கமுள்ளதுதான்; ஆனால் இரண்டு பக்கமும் சமமான எடையுள்ளவை என்ற தோற்றத்தை அது உண்டாக்கிவிடுகிறது. ஒரு பக்கத்தில் பீரங்கி இருந்தது.

நாவலாசிரியர் எடுத்துக்கொண்ட வழிகள்

1999இல் ட்ரூடி ப்ளூம் எழுதிய நாவல் குரோட்டோவாவின் வாழ்வையே நேராகக் கதையாக்கிக்கொண்டது. அதன்பின் வந்த இரண்டு முக்கிய நாவல்களும் அந்த நேர்வழியை விட்டு விலகிச் சென்றன என்பதும், இரண்டும் தாயை விட்டு மகளைப் பற்றிக்கொண்டன என்பதும் தற்செயலான நிகழ்ச்சியாக எனக்குத் தோன்றவில்லை. மகள் பீட்டர்னெல்லா, தாய் இறந்து மூன்றாண்டு கழித்து, 1677இல், தம்பி சலோமோனோடு மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே டானியல் சைமானை மணந்து, தீவிலிருந்த டச்சுக் குடியிருப்பு கைவிடப்படும் காலத்தில் மீண்டும் கேப்புக்கு வந்து சேர்ந்தவள். இவள் ஞானஸ்நானம் பெற்ற தம்பதிக்குப் பிறந்தவள்; பதிவேடுகளில் இவளுக்கு இடமுண்டு; டச்சு மொழியே இவளுக்குத் தாய்மொழி போன்றது. ஆகவே இவளுடைய மனத்துக்குள் ஆஃப்ரிக்கான்ஸ் மொழி நாவல் பிரவேசிப்பது எளிது.

காடுகளைப் பற்றிய நாவல்களால் புகழ்பெற்ற டாலீன் மத்தே 2000இல் 'பீட்டர்னெல்லா ஃபான் டி காப்' என்ற நாவலை வெளியிட்டார். தாயின் பெயரைச் சொல்லவும் கூசும்படி வளர்க்கப்பட்ட ஒரு பெண், தாய் யார் என்று தேடுவதே அதன் உயிர்நாடி. அனாதைச் சிறுமியைக் கப்பலில் ஏற்றி, ஆமையும் எலியும் புயலும் மலிந்த ஒரு தீவில் இறக்கும் பகுதிகளில் மத்தேயின் கை மிகவும் திறம்பட இயங்குகிறது. குடியேற்ற வாழ்வில் பெண்களுக்கு இருந்த அன்றாடம், அதாவது சமையலும் பிரசவமும் தையலும் பயமும், அங்கே சதையும் ரத்தமுமாக நிற்கிறது. என் குறை வேறிடத்தில். தேடல் மகளுடையது என்பதால், தாய் படிப்படியாக ஒரு துயர பிம்பமாக, மகளின் கண்ணீரால் கழுவப்பட்ட ஒரு சித்திரமாக மாறிவிடுகிறாள். பேரம் பேசியவள், செய்தி கொண்டுபோனவள், செய்தியை மறைத்தவள், டோமானை எதிர்த்து நின்றவள் பின்னணிக்குப் போய்விடுகிறாள். 'துயரத் தாய்' என்று குட்சியா அஞ்சிய அந்த உருவம், அவர் கட்டுரை வந்து இரண்டாண்டுக்குள் மிகுந்த அன்போடு எழுதப்பட்ட ஒரு நாவலில் முழுமை பெற்றது.

டான் ஸ்லே 2002இல் எழுதிய 'எய்லாண்டே' என்ற நாவல் - 'தீவுகள்' என்று பொருள் - வேறு ஜாதியைச் சேர்ந்தது. இவர் கேப் ஆவணங்களோடு ஆயுளெல்லாம் பழகிய சரித்திராசிரியர். ஏழு ஆண்களின் வாழ்வை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, அவர்கள் எல்லோரையும் பீட்டர்னெல்லா என்ற ஒரு நூலில் கோக்கிறார். ஆவுட்ஷுமாவோ அவர்களில் முதல்வர். இதையெல்லாம் எழுதிச் செல்பவராக, சரித்திரத்தில் உண்மையிலேயே கேப் ஆட்சிக் குழுவின் காரியதரிசியாக இருந்த கிரேவன்ப்ரூக்கை அவர் அமைத்திருக்கிறார். இந்த ஓர் உபாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வாசிக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு குமாஸ்தாவின் மையில் தோய்ந்து வருகிறது என்பதை வாசகன் மறக்கவே முடியாது. ஏடு எப்படி உண்டாகிறது, யார் மேஜையில் உண்டாகிறது என்பது கதையின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. பெண்களின் அந்தரங்கத்தை எழுதிக்காட்டும் பாசாங்கு அங்கே இல்லை.

ஆயினும் ஏழு பேரும் ஆண்கள். பீட்டர்னெல்லா எல்லாக் கதைகளுக்கும் நடுவே இருந்தும், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும் பொருள்போல நகர்கிறாள். ஆவணத்தின் குறைபாட்டை உண்மையாகக் காட்டுவதற்கும் அதே குறைபாட்டை மறுபடி செய்வதற்கும் இடையே உள்ள கோடு மிகவும் மெல்லியது. ஸ்லே சில இடங்களில் அதைத் தாண்டிவிடுகிறார். இருந்தபோதிலும், மத்தேயின் கனிவுக்கும் ஸ்லேயின் கண்டிப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் கண்டிப்பையே தேர்வேன். கனிவு நிறைந்த நாவலை மூடியதும், குரோட்டோவாவைப் புரிந்துகொண்டோம் என்ற திருப்தி எழுகிறது. அந்தத் திருப்தி அவளுக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

2017இல் வெளிவந்த திரைப்படம் மூன்றாவது வழியைக் காட்டிற்று. கோட்டைத் தலைவர் அவளைப் பலவந்தப்படுத்தியதாக அதில் ஒரு காட்சி உண்டு. ஏட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை என்று வாதிடுபவர்கள், ஏடு யாருடைய மேற்பார்வையில் எழுதப்பட்டது என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். குற்றம் சாட்டப்படுபவரின் அலுவலகத்திலிருந்தே சாட்சியம் வரவேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. அதேசமயம், ஏட்டின் மௌனத்தையே குற்றத்துக்கு ருசுவாகக் கொள்வதும் ஆராய்ச்சிக்கு அடுக்காது. ஒரு காமெராவால் 'இருந்திருக்கலாம்' என்று காட்ட முடியாது. அது காட்டுவதெல்லாம் 'இருந்தது' ஆகிவிடும். நாவலின் வாக்கியத்துக்கு அந்தச் சங்கடமில்லை. ஐயத்தை ஐயமாகவே நிறுத்திவைக்கும் ஆற்றல் வசனத்துக்கு இருக்கையில், நாவலாசிரியர்கள் அதை இவ்வளவு அரிதாகப் பயன்படுத்துவதுதான் வியப்பு.

ஏற்றத்தைச் சொல்லும் கதைகளும் உண்டு. வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு ஃபான் ரீபேக்கின் வீட்டிலிருந்த ஆஞ்செலா, 1666இல் விடுதலை பெற்று, 1669இல் ஓர் ஐரோப்பியரை மணந்தாள்; அவள் மகள் அன்னா டி கோனிங், கணவர் இறந்தபின் 1724இல் புகழ்பெற்ற கான்ஸ்டான்ஷியா திராட்சைத் தோட்டத்துக்கே உடையவளானாள். தெரெஸ் பெனாடே இவ்வன்னாவைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அடிமையின் மகள் எஜமானியாகும் கதை யார் மனத்தையும் கவரும். ஆயினும் அந்த வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாதவரை, அது ஒரு குடும்பத்தின் கதையாக இருக்குமேயன்றி, ஒரு குடியேற்றத்தின் கதையாகாது.

பழவேற்காட்டிலிருந்து போனவள்

இவ்வளவும் நமக்கு எட்டாத தூரத்து விஷயம் என்று நினைக்கும் வாசகருக்கு ஒரு பெயரைச் சொல்லவேண்டும். 1657இல் பட்டேவியாவிலிருந்து கேப்புக்குத் தண்டனைக் கைதியாக ஒரு பெண் அனுப்பப்பட்டாள். கேப் ஆவணங்களில் தென்படும் முதல் பெண் கைதி அவளே. ஏடுகளில் அவள் பெயர் 'கதரீனா ஃபான் பாலியாகட்டா'. அதாவது பழவேற்காட்டுக் கதரீனா. ஊரார் அழைத்த பெயர் 'பெரிய கத்ரைன்'.

பட்டேவியாவில் அடிமையாக இருந்த அவள், கிளாஸ் என்ற மலாக்காக்காரனின் மரணத்துக்குக் காரணமானாள் என்று மரண தண்டனை விதிக்கப்பட்டது; அது குறைக்கப்பட்டு ஆயுள்காலம் முழுவதும் கேப்புக்கு நாடுகடத்தலாயிற்று. தன்னைக் காத்துக்கொள்ளவே அவள் கை ஓங்கினாள் என்பதை அவளைப் பற்றி விரிவாக ஆராய்ந்த மான்செல் அப்ஹம் எடுத்துக் காட்டியிருக்கிறார். கேப்பில் அவளுக்கு வாய்த்த வேலை, ஒருவர்பின் ஒருவராக வந்த கோட்டைத் தலைவர்களின் துணிகளை வெளுப்பது. ஸ்நைமான் என்ற ஜெர்மானியச் சிப்பாய்க்கும் அவளுக்கும் ஒரு மகன் பிறந்து, 1669இல் ஞானஸ்நானம் பெற்றான். 1671இல் வங்காளத்து அந்தோணி என்ற சுதந்திர மனிதனை அவள் மணந்தாள். அந்த மகன் கிறிஸ்டோஃபல், பிரான்சிலிருந்து மத ஹிம்சைக்கு அஞ்சி ஓடிவந்த ஹியூகனோ குடும்பத்துப் பெண்ணான மார்கரீத் டி சவோயை மணந்தான். ஸ்நைமான் என்ற குடும்பப் பெயர் தென்னாப்பிரிக்கா முழுவதும் இன்றும் பரவியிருக்கிறது. 1949இல் கலப்பு மணத் தடைச் சட்டமும் 1950இல் மக்கள் பதிவுச் சட்டமும் இயற்றப்பட்டபோது, அந்தச் சந்ததியாரில் எத்தனையோ பேர் கலப்பற்ற வெள்ளையராகவே எண்ணப்பட்டு வந்தார்கள்.

அவள் தமிழச்சியா? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆமென்று சொல்லிவிடக் கூடாது. 'ஃபான்' என்பது ஊரைச் சொல்லுமேயன்றி மொழியைச் சொல்லாது. ஒருவர் பிறந்த ஊரையும் குறிக்கலாம், கப்பலேறிய துறையையும் குறிக்கலாம். பழவேற்காடு அன்று சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம். 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை அங்கேதான் இருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அந்தத் துறையிலிருந்து துணியும் போயிற்று, மனிதரும் போனார்கள். பஞ்சமும் படையெடுப்பும் வந்தபோதெல்லாம் இந்த வியாபாரம் பெருகிற்று. 1659 முதல் 1661 வரை பிஜப்பூர்ப் படைகளால் தஞ்சைச் சீமை பாழானபோது ஆயிரக்கணக்கானவர்கள் இக்கரையில் விற்கப்பட்டுக் கடல்கடந்தார்கள். கதரீனா அதற்கு முன்னரே போய்விட்டவள். அவளை 'நம்மவள்' என்று உரிமை கொண்டாடினால், குரோட்டோவாவைத் 'தங்கள் தாய்' ஆக்கியவர்கள் செய்த பிழையையே நாமும் செய்தவர்களாவோம்.

பழவேற்காட்டு டச்சு மயானத்தை நான் சென்று பார்த்தேன். வாயிலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே, ஆள் நீளத்துக்கு மேற்பட்ட கல்பலகைகளில், குடும்பச் சின்னங்களும் கொடிவேலைகளும் சூழ, டச்சு எழுத்துக்கள் முந்நூறு ஆண்டு மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அசையாமல் இருக்கின்றன. விரலால் தடவினால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் இன்னும் கூர்மையாகப் படுகிறது. இங்கே வந்து இறந்தவர்களின் பெயர்கள் இவ்வளவு ஆழமாக வெட்டப்பட்டிருக்க, இங்கிருந்து போனவளின் ஊர்ப்பெயர் மட்டும் உலகத்தின் மறுகோடியில் ஒரு பதிவேட்டில், எழுத்துப்பிழையோடு, மையில் தங்கியிருக்கிறது என்ற நினைவோடு நெடுநேரம் அங்கே நின்றேன்.

தமிழில் யாரேனும் அவளைப் பற்றி நாவல் எழுத முற்பட்டால், அவளைத் தன்மையில் பேசவைத்துப் பக்கம் பக்கமாகப் புலம்பவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவள் மனத்துக்குச் சாட்சியில்லை. அவள் கைக்குச் சாட்சியுண்டு. குரோட்டோவா களைந்த உடையும், அடிமைக் குழந்தைகளின் பிராந்திக் கிண்ணமும், கதரீனா வெளுத்த துணியும் ஏட்டை எழுதியவர்கள் அற்பமென்று நினைத்து மறைக்காமல் விட்ட பொருள்கள். அதனாலேயே அவை நம்பத் தகுந்தவை. வெள்ளாவியும் உவர்மண்ணும் அறிந்த ஒரு கரையிலிருந்து போனவள், மேசை மலையின் குளிர்ந்த ஓடையில், மாரிக்காலத்து வடமேற்குக் காற்றில், கனத்த ஐரோப்பியத் துணிகளை எப்படிப் பிழிந்து உலர்த்தியிருப்பாள் என்று ஆராய்ந்து எழுதும் ஓர் அத்தியாயம், நூறு பக்க மனவோட்டத்தைவிட அவளுக்கு அருகில் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அவள் வெளுக்க எடுத்த மூட்டையில் பருத்தித் துணியும் இருந்திருக்கக்கூடும். சோழமண்டலக் கரையின் துணிதான் கம்பெனியின் கீழ்த்திசை வியாபாரத்துக்கு முதுகெலும்பு. பழவேற்காட்டுக் கட்டத்துணி தீவாந்தரங்களுக்கெல்லாம் போயிற்று. மலாய் மொழியில் கட்டம்போட்ட சாரத்துக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றுதான் பெயர். நெதர்லாந்துக்குத் திரும்பும் கப்பல்கள், இத்துணிப் பொதிகளைச் சுமந்துகொண்டு, நீருக்காக அவள் இருந்த கரையில் நங்கூரம் பாய்ச்சின. கோட்டைத் தலைவர் வீட்டு அழுக்கு மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக நீரில் அலசும்போது, ஒரு துண்டின் நெசவை விரலால் தொட்டே அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று அவள் அறிந்திருப்பாள். நாவல் அந்த விரலோடு நின்றுகொள்ளலாம்.